முக்குளிப்போர் முகமூடி: பழைய வடிவும் புதிய வார்ப்பும்

கடலில் மூழ்குவோர் முகத்தில் அணியும் கண்ணாடி பதித்த கருவியைத் திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ கண்டிராதவர் இன்று அரியர். ஆயின் 1950களில் எடுக்கப்பெற்ற படங்களில் காணும் கருவி வேறு. இன்று கடைகளில் தொங்கும் கருவி வேறு. பழையது முட்டை வடிவான ஒரே கண்ணாடி. அதனைச் சுற்றிக் கரிய இரப்பர். இரண்டையும் பிணைக்கும் உலோகப் பட்டை. அப்பட்டையை இறுக்க உச்சியில் ஒரு திருகாணி. புதியது பெரும்பாலும் இரு கண்ணாடிகளும், பிளாஸ்டிக் சட்டமும், ஒளி ஊடுருவும் சிலிக்கோன் விளிம்பும் கொண்டது. 1956இல் கான் திரைப்பட விழாவில் தலைமைப் பரிசு பெற்ற, கூஸ்தோ என்னும் பிரெஞ்சுக் கடற்படையாளரின் 'மௌன உலகம்' படத்திலும், 1958 முதல் 1961 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த 'சீ ஹண்ட்' தொடரிலும் தோன்றுவன முட்டை வடிவ முகமூடிகளே. அவ்வடிவைத் தேடித் திரிவோர் மேலைநாடுகளில் இன்றும் உளர். முக்குளிப்பின் வரலாற்றைப் பேணுவதற்கென்றே 1990இல் இங்கிலாந்தில் ஒரு கழகம் தோன்றியது என்றால் இவ்வார்வத்தின் ஆழம் விளங்கும். இவர்களுள் பலர் விரும்புவது பேழைக்குள் வைத்துப் பார்க்கும் அருங்காட்சிப் பொருளை அன்று. அணிந்துகொண்டு நீரில் இறங்கத்தக்க கருவியை. வடிவு பழையதாக இருக்க வேண்டும். ஆனால் அண்மையில் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். முரண்போலத் தோன்றும் இவ்விருப்பத்திற்குத் தக்க காரணம் உண்டு. அதனையும், அத்தகைய கருவி எங்குக் கிட்டும், கிட்டியதை எவ்வாறு சோதித்தறிவது என்பவற்றையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தமிழ்த் துறையினராகிய நமக்கு முதலில் சொல்லே இடறுகிறது. முகமூடி என்றால் முகத்தை மறைத்து ஆளை அடையாளம் தெரியாமற் செய்வது என்றே வழக்கில் பொருள். இக்கருவியோ முகத்தை மூடிக் கண்ணைத் திறந்துவிடுகிறது. 'முக்குளிப்புக் கண்ணாடி' என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அஃது இரு கண்களை மட்டும் மூடும் கருவிக்கே பொருந்தும். மூக்கை மூடுவதா, விடுவதா என்பதே இக்கருவி வரலாற்றின் உயிர்நிலை ஆதலின், கண்ணை மட்டும் மூடுவதைக் கண்ணாடி என்றும், கண்ணையும் மூக்கையும் ஒருங்கே மூடுவதை முகமூடி என்றும் பிரித்து வழங்குவோம். மற்றொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. இன்று குளித்தல் என்றால் நீராடுதல். 'முத்துக்குளித்தல்', 'சங்கு குளித்தல்' என்னும் தொடர்களிலேதான் மூழ்குதல் என்னும் அதன் பழம்பொருள் நிலைத்து நிற்கிறது.

நீரில் கண் மங்குவது ஏன்?

நம் கண்ணிற்குள் ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்ணின் முன்புறத்துள்ள கருவிழிப் படலத்தினால் விளைவது. காற்றிலிருந்து அப்படலத்திற்குள் நுழையும்போது ஒளி பெரிதும் வளைகிறது. நீரில் மூழ்கினாலோ, படலத்தின் ஒளிவிலகல் தன்மையும் நீரின் ஒளிவிலகல் தன்மையும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் அவ்வளைவு நின்றுவிடுகிறது. ஆகவே உருவம் குவியாமல் கலங்குகிறது. கண்ணுக்கு முன்னே சிறிதளவு காற்றை நிறுத்திவிட்டால் குறை தீர்ந்தது. முகமூடியின் கண்ணாடி செய்யும் வேலை உண்மையில் அவ்வளவே. பார்வையைத் தருவது கண்ணாடியன்று, அதன் பின்னே அடைபட்ட காற்று. அக்காற்றின் வழியே பார்க்கையில் ஒரு மயக்கமும் நேர்கிறது. நான்கு மீட்டர் தொலைவிலுள்ள பொருள் மூன்று மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். பொருள்களின் அளவும் மூன்றிலொரு பங்கு பெருத்துக் காட்டும். மீன் பிடித்தவர் கைகளை விரித்துக் காட்டும் அளவை நம்பலாகாது என்பதற்கு இங்கும் ஒரு சான்று கிடைத்துவிட்டது!

கண்ணாடியின்றியே நீரடியிற் காணப் பழகியோரும் உளர். தாய்லாந்துக் கடற்கரையில் வாழும் மோக்கன் இனத்துச் சிறுவர்கள் நீருக்குள் ஐரோப்பியச் சிறுவர்களைவிட இரு மடங்கு நுட்பமாகக் காண்கின்றனர் என்று ஆன்னா கிஸ்லேன் என்னும் சுவீடன் நாட்டு ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2003இல் வெளியிட்டனர். அச்சிறுவர்கள் கண்ணின் பாவையை மிகச் சுருக்கிக்கொள்வதே அதற்குக் காரணமாம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில், பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்தில், கல்லையும் கயிற்றையும் மூச்சையும் மட்டும் துணைக்கொண்டு இறங்கிய கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்களுக்கும் பரதவர்க்கும் பல நூற்றாண்டுகள் கண்ணாடி இருந்ததில்லை. கையால் துழாவியும் கலங்கிய காட்சியைக் கொண்டும் சிப்பியை அள்ளிக் கூடையை நிரப்பினர்.

ஆமையோடும் மரச்சட்டமும்

முகத்தில் ஏதேனும் அணிந்து மூழ்கிய செய்தியைத் தேடினால் இப்னு பத்தூத்தாவின் பயண நூல் முன்னே வந்து நிற்கிறது. 1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட அப்பெருமகனார் பாரசீக வளைகுடாவில் சீராபுக்கும் பகுரைனுக்கும் இடையே நடைபெற்ற முத்துக்குளிப்பைப் பற்றிக் கூறுகையில், மூழ்குவோன் ஆமையோட்டால் ஆன ஒன்றை முகத்தில் அணிந்துகொள்வான் என்றும், அவ்வோட்டினாலேயே கத்தரிக்கோல் போன்ற கவ்வி செய்து மூக்கில் மாட்டிக்கொள்வான் என்றும் குறிக்கிறார். இதே பயணி 1344இல் இலங்கையின் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அங்குக் குவிந்திருந்த முத்துகளைப் பற்றியும் எழுதினார் என்பது தமிழர்க்கு உவப்பளிக்கும். அவர் குறித்த ஆமையோட்டு அணியே உலகின் முதல் முக்குளிப்புக் கண்ணாடி என்று இக்காலத்தார் பலர் எழுதிவிடுகின்றனர். மெருகேற்றி மெல்லிதாக்கிய ஆமையோட்டின் வழியே ஒளி ஊடுருவும் என்பது மெய்யே. ஆயினும் அதன் வழியே அவர்கள் பார்த்தார்கள் என்று அந்நூல் வெளிப்படையாகக் கூறவில்லை. நூலில் உள்ளதற்கு மேல் ஏற்றிச் சொல்வது ஆய்வுக்கு அழகன்று. மூக்குக் கவ்வியோ ஐயத்திற்கு இடமின்றி நிலைத்தது. 'ஃபிதாம்' என்னும் பெயரோடு வளைகுடா நாடுகளின் முத்துக்குளிப்போரிடம் இருபதாம் நூற்றாண்டு வரை அது வழங்கிற்று.

மரத்தைக் குடைந்து கண்ணாடித் துண்டைப் பதித்துச் செய்யும் கருவி கிழக்குக் கடல்களுக்கு உரியது. ஜப்பானின் தென்கோடியில் ஒக்கினாவாத் தீவைச் சேர்ந்த இத்தோமன் என்னும் மீனவர் ஊரில், 1884ஆம் ஆண்டளவில், 'மீக்காகன்' என்னும் மரக்கண்ணாடி உருவாயிற்று. ஒவ்வொன்றும் அணிபவரின் முகத்திற்கேற்பச் செதுக்கப்படும். ஒருவரது கண்ணாடி மற்றொருவர்க்கு ஒட்டாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளின் கடல்களில் வாழும் பஜாவு மக்களும் இவ்வாறே மரத்தைச் செதுக்கிக் கண்ணாடியை ஒட்டிக்கொள்கின்றனர். பழைய வடிவில் இன்றும் செய்யப்படும் கருவிகளுள் மிகப் பழைய வடிவினது இம்மரக்கண்ணாடியே எனலாம். அதற்கு ஆலையும் வேண்டா, அச்சும் வேண்டா. கத்தி பிடித்த கை ஒன்றிருந்தாற் போதும்.

கண்ணாடியின் குறை

கண்ணை மட்டும் மூடும் இக்கருவிகள் அனைத்திற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. நிலப்பரப்பில் நம்மை அழுத்தும் காற்றின் அழுத்தத்தை ஒன்று எனக் கொண்டால், பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டாகிறது. இருபது மீட்டரில் மூன்றாகிறது. கண்ணாடிக்குள் அடைபட்ட காற்றோ மேலே இருந்த அழுத்தத்திலேயே இருக்கிறது. வெளியே அழுத்தம் மிகும்போது உள்ளே உள்ள காற்று சுருங்க முயல்கிறது. மரமும் கண்ணாடியும் வளைந்து கொடா. வளைந்து கொடுப்பது கண்ணும் இமையுமே. இரத்தம் கட்டும் வைத்தியர் குப்பியைத் தோலில் கவிழ்த்தாற்போலக் கண்ணைச் சுற்றிய மென்தசை உள்ளே இழுக்கப்படுகிறது; வெள்விழியின் நுண்ணிய குருதிநாளங்கள் வெடித்து விழி சிவந்துபோகிறது. நீச்சற்குளத்தில் அணியும் சிறு கண்ணாடியோடு ஆழத்தில் இறங்கலாகாது என்று பயிற்சியாளர் எச்சரிப்பது இதனால்தான்.

இக்குறையை ஜப்பானியப் பெண்கள் தீர்த்துக்கொண்ட முறை வியப்பிற்குரியது. மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் சேர்க்கும் 'அமா' என்னும் மகளிர், தம் கண்ணாடியின் இருபுறமும் காற்றடைத்த சிறு பைகளைப் பொருத்திக்கொண்டனர். ஆழம் செல்லச் செல்ல நீர் அப்பைகளை அமுக்கும்; பையிலுள்ள காற்று கண்ணாடிக்குள் புகுந்து அழுத்தத்தைச் சரிசெய்யும். பின்னர் அவர்கள் மூக்கையும் உள்ளடக்கிய ஒற்றைக் கண்ணாடி முகமூடிக்கு மாறினர்.

ஐரோப்பாவில் மத்தியதரைக் கடற்கரையே இதன் விளைநிலம். பாரிசைச் சேர்ந்த மொரீஸ் ஃபெர்னேஸ் செய்த இரப்பர்க் கண்ணாடிகள் 1930களில் அக்கரையெங்கும் பரவியிருந்தன. 1936இல் தூலோன் நகரையடுத்த லெ மூரியோன் கடலில், நண்பர் தந்த ஃபெர்னேஸ் கண்ணாடியை அணிந்து முதன்முதல் நீரடியைக் கண்ட இளம் கடற்படை அதிகாரியே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜாக் கூஸ்தோ. அதே கரையில் வாழ்ந்த கை கில்பாட்ரிக் என்னும் அமெரிக்க எழுத்தாளர், விமானிகள் அணியும் கண்ணாடியின் துளைகளைப் பசைமண்ணால் அடைத்து, மேலே வண்ணம் பூசித் தமக்கென ஒன்று செய்துகொண்டார். அவ்விளையாட்டைப் பற்றி 1938இல் ஒரு நூலும் எழுதினார். இக்கண்ணாடிகளுக்கெல்லாம் அழுத்தச் சிக்கலோடு, இரு வட்டங்களும் ஒரே தளத்தில் நில்லாவிடில் ஒரு மீன் இரண்டாகத் தோன்றும் தொல்லையும் இருந்தது.

மூக்கு உள்ளே வந்தது

1930களின் பிற்பகுதியில் அக்கரையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இரு கண்ணாடிக்கு மாற்றாக ஒரே பலகை. அதற்குள் கண்களோடு மூக்கும். ஒரே பலகையாதலின் உருவம் இரட்டிப்பதில்லை. மூக்கு உள்ளே இருப்பதால், இறங்கும்போது மூக்கின் வழியே சிறிது மூச்சை விட்டாற் போதும். நுரையீரற் காற்று முகமூடிக்குள் சென்று வெளியழுத்தத்தோடு சமன் செய்துகொள்ளும். வளைகுடாவில் நூற்றாண்டுகளாகக் கவ்வி போட்டு அடைத்த மூக்கே கண்ணைக் காக்கும் வழியாயிற்று. நெடுங்காலம் இரப்பரும் கண்ணாடியும் கையிலிருந்தும் எவர்க்கும் தோன்றாத இச்சிறு மாற்றத்தை, இத்துறையின் பெரிய கருவிகள் பலவற்றினும் மேலாக நாம் மதிக்கிறோம்.

எனினும் காது எஞ்சி நின்றது. ஆழத்தில் செவிப்பறையும் அழுத்தத்தால் உட்குழிந்து வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை உந்தினால் தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழாய் வழியே காற்றேறி வலி தீரும். 1704இல் செவியைப் பற்றி நூல் செய்த வால்சால்வா என்னும் இத்தாலிய மருத்துவரின் பெயரால் இம்முறை வழங்கப்படுகிறது. ஆனால் கண்ணாடிப் பலகையின் பின்னே அடைபட்ட மூக்கை எவ்வாறு பிடிப்பது? முகமூடியின் கீழ்விளிம்பை மேல்நோக்கி அழுத்தி மூக்குத் துளைகளை அடைத்துப் பலரும் சமாளித்தனர். குளிரில் விரைத்த கைக்கு அது எளிதன்று.

இதற்கு விடை 1952இல் இத்தாலியின் ஜெனோவாவில் பிறந்தது. 1946இல் கிரெஸ்ஸி உடன்பிறந்தார் அந்நகரில் தொடங்கிய நிறுவனத்திற்காக லூயிஜி ஃபெர்ராரோ என்பார் ஒரு முகமூடியை வடித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், துருக்கித் துறைமுகங்களில் நின்ற சரக்குக் கப்பல்களின் அடியில் தனியொருவராக நீந்திச் சென்று வெடிகளைப் பொருத்தியவர் இவர். இத்தாலியின் உயரிய வீரப் பதக்கம் பெற்றவர். இரவுக் கடலில் உயிரைப் பணயம் வைத்து மூழ்கிய அம்மனிதர் போருக்குப் பின் செய்த வேலை, கண்ணாடியின் அடிப்புறத்தைத் திறந்து மூக்கிற்கென மெல்லிய இரப்பரால் ஒரு தனிப் பை அமைத்ததுதான். வெளியிலிருந்தே இரு விரலால் அதனைப் பிடித்து மூக்கை அடைக்கலாம். முகமூடி முகத்தை நெருங்கி அமைந்ததால் உள்ளடங்கும் காற்றும் குறைந்தது; அதனைச் சமன் செய்ய வேண்டிய மூச்சும் குறைந்தது. முன்னே நீண்ட மூக்கைக் கண்டு, பொய் சொன்னால் மூக்கு நீளும் கதைப்பொம்மையின் பெயரையே அதற்கு இட்டனர்: 'பினோக்கியோ'. இன்று உலகில் விற்கும் முக்குளிப்பு முகமூடிகளுள் மூக்குப் பையில்லாதது அரிது. அவையெல்லாம் இதன் வழித்தோன்றல்களே.

பழம்பொருள் ஏன் உதவாது?

1970களில் சிலிக்கோன் வந்தது. இரப்பரைவிட மென்மையானது, வெயிலுக்கும் ஓசோனுக்கும் எளிதில் அழியாதது, ஒளி ஊடுருவுவது, இரப்பர் ஒவ்வாத தோலினர்க்கும் ஏற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் இரு கண்ணாடி அமைப்பும் பரவியது. கரிய இரப்பர் முகமூடிகள் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தன. புதியவை யாவும் மேலானவை, பழையவை யாவும் கீழானவை என்று இதனைக் கொண்டு சொல்லிவிட இயலாது. பக்கத்திலிருந்து ஒளி புகுந்து கண்ணாடியில் பிரதிபலிப்பது கரிய விளிம்பில் இல்லை. ஆதலால் நீரடியில் படமெடுப்போரும் மூச்சடக்கி மூழ்குவோரும் இன்றும் கருநிறத்தையே பெரிதும் விரும்புகின்றனர். ஒற்றைப் பலகையில் நடுவே சட்டம் குறுக்கிடுவதுமில்லை. பழைய வடிவைத் தேடுவோரை வெறும் பழமைப் பித்தர் என்று ஒதுக்குவதற்கில்லை.

அவ்வாறாயின், 1950களில் செய்த முகமூடி ஒன்றைப் பழம்பொருட் கடையில் வாங்கி அணிந்துகொள்ளலாமே என்று மாணவர் கேட்கக்கூடும். வாங்கலாம், அணிதல் தகாது. இரப்பர் என்பது மரப்பாலோடு கந்தகத்தைக் கலந்து சூடேற்றி உரமாக்கிய பொருள். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட முறை அது. கந்தகமும் கரிப்பொடியும் கலந்த இரப்பரை உலோக அச்சில் இட்டு ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் அழுத்தினால் முகமூடியின் உடல் வார்ந்துவிடும். அவ்வாறு வார்த்த நாள்முதல் அது முதுமை எய்தத் தொடங்குகிறது. காற்றிலுள்ள ஓசோன் அதன் இழைகளை அறுக்கிறது; வெயில் அதனை உலர்த்துகிறது; எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து இரப்பர்த் தோட்டங்களை அறிந்தோர்க்கும், வீட்டில் கிடக்கும் பழைய மிதிவண்டிச் சக்கரத்தைப் பார்த்தோர்க்கும் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எழுபது ஆண்டுப் பழைய முகமூடி கண்ணுக்கு முழுமையாகத் தோன்றும். வாரை இழுத்தால் மடிப்பில் வெடிக்கும். அது நிகழுமிடம் கடலின் அடியாக இருந்துவிடலாகாது. அதன் கண்ணாடியும் ஐயத்திற்குரியது. பழைய முகமூடிகள் சிலவற்றில் சாளரத்திற்கு இடும் சாதாரணக் கண்ணாடியே பதித்திருந்தனர். உடைந்தால் கூரிய சில்லுகளாகிக் கண்ணுக்கு அருகிலேயே சிதறும். பிரிட்டனில் முகமூடிகளுக்கென ஒரு தர அளவை 1969இல்தான் வெளிவந்தது.

ஆகவே, பழைய வடிவை விரும்புவோர்க்குத் தேவை பழைய இரப்பர் அன்று. பழைய அச்சில் புதிதாக வார்த்த இரப்பர். அச்சு எங்கே இன்னும் சூடேறிக்கொண்டிருக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும்.

எங்குத் தேடுவது?

முதலிற் சொல்ல வேண்டியது பினோக்கியோவையே. வகைவகையாகப் புதியன வந்தும், அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அதனை அந்நிறுவனம் கைவிடவில்லை. தொடக்கத்திலிருந்தே மூக்கின் சிக்கலுக்கும் காதின் சிக்கலுக்கும் ஒருங்கே விடை கண்ட வடிவமாதலின் அதனைத் திருத்த வேண்டிய தேவை எழவில்லை. பழைய பிரெஞ்சு வடிவை விரும்புவோர் மார்சேய் நகரத்துப் பூஷா நிறுவனத்தை நாடலாம். 1934இல் தோன்றிய அந்நிறுவனம் 'சூப்பர் காம்பன்சேட்டர்' என்னும் தன் பழைய ஒற்றைக் கண்ணாடி முகமூடியின் வடிவைச் சிலிக்கோனில் மீண்டும் வெளியிட்டது. வடிவு தாத்தாவினுடையது, தோல் பேரனுடையது. தூய பழமையை வேண்டுவோர் இதனை ஏற்க மறுப்பர். கடலில் இறங்குவோர்க்கு இதுவே மேல் என்பது நம் கருத்து.

ஜப்பானில் நிலை வேறு. அங்கே ஒற்றைக் கண்ணாடி முகமூடி ஒருகாலும் பழம்பொருள் ஆகவில்லை. மியே மாநிலத்தின் தோபா, ஷிமா கடற்கரைகளில் அமா மகளிர் இன்றும் தொழிலுக்குச் செல்கின்றனர். அவர்தம் தொழில்நுட்பத்தை 2017இல் ஜப்பானிய அரசு நாட்டின் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அவர்களுக்காகச் செய்யப்படும் முகமூடி காட்சிக்காகவோ ஏக்கத்திற்காகவோ செய்யப்படுவதன்று. அரிவாள்மணை போல, தராசு போல, அன்றாடத் தொழிற்கருவி. வாங்குவோர் இருக்கும்வரை செய்வோரும் இருப்பர்.

இவை எவையும் கைக்கெட்டாதவர்க்கு ஒரு வழி உண்டு. தனிச் சட்டமின்றி, கண்ணாடியோடு கரிய சிலிக்கோனை நேரே பிணைத்து வார்க்கும் ஒற்றைப் பலகை முகமூடிகள் முக்குளிப்புக் கடைகளில் பரவலாக உள்ளன. உலோகப் பட்டையும் திருகாணியும் இல்லை என்பதொழிய, தோற்றத்தில் அவை பழைய முட்டை வடிவின் நெருங்கிய உறவினரே. விற்காமல் தேங்கிய பழைய சரக்கு என்று சொல்லித் தருவதை மட்டும் வாங்கலாகாது. பெட்டி பிரிக்கப்படாதிருக்கலாம்; இரப்பருக்கு அது தெரியாது.

கடற்கரைச் சந்தைகளில் விளையாட்டுப் பொருள்களோடு முட்டை வடிவக் கருவிகள் சில மலிவாகக் கிட்டுவதுண்டு. கண்ணாடிக்கு மாற்றாகப் பிளாஸ்டிக், விறைத்த விளிம்பு, பிடிக்க இயலாத மூக்கு. நீர்மட்டத்தில் முகம் கவிழ்த்து மிதப்பதற்கு அவை ஆகும், ஆழத்திற்கு ஆகா. 2014இல் பிரான்சிலிருந்து வந்து பரவிய, முகம் முழுவதையும் மூடி மூக்காலேயே மூச்சுவிடச் செய்யும் புதுக் கருவியும் மிதப்பதற்கு உரியதேயன்றி மூழ்குவதற்கு உரியதன்று. பழமையோ புதுமையோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மூக்கை விரலால் பிடிக்க முடிகிறதா?

மற்றச் சோதனைகளும் எளியனவே. வாரை மாட்டாமல் முகமூடியை முகத்தில் பொருத்தி, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்துக் கையை விட வேண்டும். விழாமல் ஒட்டி நின்றால் முகத்திற்கு ஏற்றது. மீசையுடையார்க்கு மேலுதட்டருகே நீர் கசியக்கூடும். கண்ணாடியில் 'டெம்பர்டு' என்னும் ஆங்கிலச் சொல் பொறித்திருக்க வேண்டும். சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கிய கண்ணாடி என்பது அதன் பொருள். அது உடைந்தாலும் மழுங்கிய மணிகளாகவே உதிரும். விளிம்பை மடித்துப் பார்த்து, நுண்ணிய வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் நோக்க வேண்டும். உலோகப் பட்டை உள்ளதாயின் திருகாணியைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது நன்று; துருவேறிய திருகாணி பட்டையோடு வரும். இரப்பர் முகமூடியை ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, முகப்பவுடர் தூவி, இருட்டில் வைத்தால் பல ஆண்டு உழைக்கும்.

நம் கரையில்

மேலைநாட்டார்க்கு இஃது ஒரு விருப்பம்; மன்னார் வளைகுடாக் கரையில் இது வயிற்றுப்பாடு. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் நடைபெற்ற முத்துக்குளிப்பே அங்கு நிகழ்ந்த கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு. முத்து நின்றபின் சங்கு குளித்தல் தொடர்ந்தது. முகமூடி அணிந்து, காலில் அலுமினியத் தட்டுகளைக் கட்டிக்கொண்டு இறங்கும் முறை அங்கு வழக்கமாயிற்று. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களின் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் சேர்க்க மூச்சடக்கி மூழ்குகின்றனர். பாறையும் பவளமும் கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கின்றனர், கண்ணுக்குக் கண்ணாடி. அமா மகளிரின் தொழிலும் இவர்களது தொழிலும் ஒன்றே. அங்கே அரசின் ஏற்பும் தொழிலுக்கெனத் தனியே செய்யும் கருவியும். இங்கே 1986இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுகளின் எல்லைச் சிக்கலும், கிடைத்த கண்ணாடியும். ஜெனோவாவின் அச்சிற்கும் மார்சேயின் அச்சிற்கும் உலகெங்குமிருந்து ஆர்வலர் கடிதம் எழுதுவர்; நாள்தோறும் பல மணி நேரம் நீரில் கழிக்கும் இப்பெண்களின் முகத்திற்கேற்ற உறுதியான முகமூடி வேண்டுமென எழுதுவார் யார்? இரப்பர் விளையும் மாவட்டமும் சங்கு குளிக்கும் கடலும் ஒரே மாநிலத்தில் உள்ளன. நம் பொறியியல் மாணவர் இதனைக் கருதலாம்.

கண்ணாடியின் உட்புறம் மூச்சின் ஈரம் படிந்து பனிமூட்டம் போல் மங்குவது எல்லா முகமூடிக்கும் உரிய தொல்லை. ஜப்பானிய மகளிர் நம் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஓர் இலையைக் கசக்கி அதன் சாற்றைக் கண்ணாடியில் தேய்த்துக்கொள்கின்றனர். கூஸ்தோ முதல் நேற்றுப் பயிற்சி முடித்த மாணவர் வரை, ஏனையோர் கையாள்வது அதனினும் எளிய மருந்து: உட்புறத்தில் சிறிது உமிழ்நீர் இட்டு, விரலால் தேய்த்து, கடல்நீரில் ஒருமுறை அலம்பி அணிந்துகொள்வர்.